கருவண்டுக்கு ஒரு வேலி

1994ஆம் ஆண்டு தைப்பூசத்துக்கு நான்கு நாள் முன்னதாக, வெள்ளகோவிலிலிருந்து மூலனூர் போகும் சாலையை ஒட்டிய ஊஞ்சக்காட்டுவலசு என்ற சிற்றூரில், குமாரசாமிக்கும் அவர் அண்ணன் சென்னியப்பனுக்கும் பொதுவாக இருந்த கிளுவை வேலி பிடுங்கப்பட்டது. அந்த இடத்தில் கல்கால் நட்டு முள்கம்பி இழுத்தார்கள். அன்றைக்குச் சென்னியப்பன் காவடி எடுத்துப் பழனிக்கு நடந்துகொண்டிருந்தார்.

அவர்களுடைய அப்பா வைத்த வேலி அது. பங்கு பிரித்தபோது நிலத்தைத்தான் பிரித்தார்கள், வேலியைப் பிரிக்கவில்லை. வேலிக்கென்று ஆளுக்கு மூன்றடி மண் விட்டுக்கொடுப்பதும், வருஷத்தில் ஒரு நாள் இரண்டு பக்கமும் இரண்டு வீட்டாரும் நின்று கவாத்துப் பண்ணுவதும் அந்தப் பக்கத்து வழக்கம். கிளுவையின் முள்ளுக்குள்ளே பிரண்டையும் கோவையும் முசுமுசுக்கையும் ஏறிக் கிடந்தன. வேலியடியில் ஆவாரையும் எருக்கும் தாமாக முளைத்துத் தாமாகப் பூத்தன. டிராக்டர் அத்தனையையும் ஒரே பகலில் புரட்டிப் போட்டது. குவித்துத் தீ வைத்தபோது கிளுவைப் பிசினின் வாசம் வலசு முழுக்கச் சுற்றியது.

குமாரசாமி சொன்ன காரணம் சின்னதுதான். மகள் லோகப்பிரியாவைப் பெண் பார்க்கத் துடியலூரிலிருந்து ஆட்கள் வருவதாக இருந்தார்கள். பஸ்ஸில் வருகிறவர்களுக்குத் தோட்டம் சுத்தமாகத் தெரிய வேண்டும் என்று நினைத்தார். அதே வாரத்தில் மாடு கட்டும் கட்டுத்தரையின் ஓட்டுக்கூரையையும் பிரித்து ஆஸ்பெஸ்டாஸ் போட்டார். கூரையைத் தாங்கிய பழைய பனங்கைகளில் கருவண்டு துளைத்த ஓட்டைகள் வரிசையாக இருந்தன. வருஷா வருஷம் அந்த ஓட்டைகளில் மண்ணெண்ணெய்த் துணியை அடைத்து அலுத்துப்போயிருந்தவர், பனங்கைகளை வெளியே தூக்கி எறிந்தார். சென்னியப்பன் மனைவி சின்னாத்தாள் ஆட்டுப்பட்டிக்கு ஆகுமென்று அவற்றைக் கேட்டு எடுத்துப் போனாள். கம்பி இழுப்பதற்கு முந்தைய நாள் அது.

லோகப்பிரியாவின் கல்யாணம் அந்த வைகாசியில் முடிந்தது. சென்னியப்பன் வரவில்லை. மொய் மட்டும் ஆள் மூலம் வந்தது.

குமாரசாமியின் மனைவி தெய்வாத்தாளுக்கு அந்தத் தோட்டத்து முருங்கை மரம் ஒவ்வொன்றும் தனித்தனியே தெரியும். தொண்ணூற்றொன்றில் மழை பொய்த்துக் கிணறு அடியைக் காட்டியபோது, நட்ட கிளைப் போத்துகளுக்கு அவளும் காளியாத்தாளும் குடத்தில் தண்ணீர் சுமந்தார்கள். காளியாத்தாள் அந்தப் பண்ணையத்துக்கு வேலைக்கு வருகிறவள். இருவருக்கும் ஒரே வயது, நாற்பத்தைந்துக்கு மேலே. செம்மண்ணில் பாதம் வெந்த அந்தச் சித்திரையைப் பற்றி இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை. ஆனால் மரத்தைத் தாண்டிப் போகும்போது ஒரு கை அடிமரத்தைத் தொட்டுவிட்டுப் போகும்.

வேலி போன மாசியில் காய் நன்றாகவே பிடித்தது. அடுத்த மாசியில் பாதி. தொண்ணூற்றாறு மாசியில் மரம் கொள்ளாமல் பூத்து, பூவெல்லாம் கீழே விழுந்தது. பொழுது கிளம்பும்போது மரத்தடிகளில் நெல்பொரி கொட்டி வைத்தது போல் கிடந்தது. காளியாத்தாள் சீமாறால் கூட்டிக்கொண்டே சொன்னாள்:

"ஏனுங் கவுண்டச்சி, பூவு வாசம் மூக்கத் தொளைக்குது. கொழம்புக்குப் போடறதுக்கு ஒரு காயக் காணோமே."

"கண்ணு வெச்சமாதர பேசாத புள்ள."

"என்ற கண்ணு பட்டா இந்தக் கம்பியில்லீங்க மொதல்ல கருகோணும். ஒரு பிரண்டை உண்டா, ஒரு கோவப்பழம் உண்டா? அருவாள எங்கீங்க சொருவறது? என்ற டம்ளரு வெக்கறதுக்குக்கூட எடமில்லாமப் பண்ணிப்போட்டீங்க."

காளியாத்தாள் காப்பி குடிக்கிற அலுமினிய டம்ளர் முன்பெல்லாம் வேலிக்குள்ளே கிளுவைக் கவட்டையில் கவிழ்ந்திருக்கும். கம்பி வந்தபிறகு அது ஒரு கல்காலின் தலையில் வெயிலில் கிடந்தது. தெய்வாத்தாள் அதைப் பார்த்தாள். 

அன்று மத்தியானம் அரிசிம்பருப்புச் சோற்றைப் பிசைந்தபடி குமாரசாமி தன் முடிவைச் சொன்னார்.

"இந்தப் பூவோட செரி, தெய்வா. புடிக்கலைன்னா சித்திரையில மரத்த வெட்டிப்போட்டுத் தறி செட்டுப் போட்டர்றேன். வெள்ளகோயில்ல இருந்து ஆளு வந்து பாத்துட்டுப் போயிட்டாங்க."

"மரத்தையா?"

"பின்ன, பூவப் பாத்துட்டே சோறு திங்கறதா? பண்டுதம் பாத்தாச்சு, உரம் போட்டாச்சு, மருந்தும் அடிச்சாச்சு. அக்கட்டால எட்டிப் பாரு. அவன் கெணத்துமேட்டு மரம் நாலும் சரஞ்சரமாக் காய்ச்சுத் தொங்குது. அதே மண்ணு, அதே தண்ணி. நடுவுல ஒரு கம்பி. அவனுக்குப் புடிக்கிது, எனக்குப் புடிக்கலையாமா?"

"அதுக்கு?"

"எதையோ பொதைச்சுப்போட்டான். பழனியில இருந்து வந்த அன்னிக்கே கம்பிகிட்ட நின்னு மண்ணள்ளிப் போட்டவன்தான அவன். அம்மாவாசைக்கு அங்கப்பன வரச் சொல்லியிருக்கறேன். தோண்டி எடுத்துருவான்."

அங்கப்பன் கருப்பராயன் கோவில் பூசாரி. செய்வினை எடுக்கிறேன் என்று அண்ணன் தம்பி எல்லையில் தோண்டிவிட்டால், கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அந்தப் பேச்சு மண்ணுக்குள் திரும்பப் போகாது. தெய்வாத்தாளுக்கு அது தெரியும். அவள் மோரை ஊற்றிவிட்டு உள்ளே போனாள்.

அடுத்த நாள் கோவிந்தராஜுலுவின் வேன் வந்தது. சிங்காநல்லூர்க்காரர், இந்தப் பக்கத்து முருங்கைக்காயைக் கட்டுக்கட்டாகக் கேரளத்துக்கு ஏற்றுகிற ஏவாரி. வேன் நிற்கும் முன்னே பேச்சைத் தொடங்கிவிடுவார்.

"ஏனுங்கம்மா, உங்க தோட்டத்துக்கு வேன் எடுத்துட்டு வரதுக்குப் பதுலாப் பூக்கூடை எடுத்துட்டு வரலாமுங்க போல. பூ மார்க்கெட்டுல போட்டாத்தான் உண்டு."

"நக்கலு வேண்டாமுங்க. ஊருக்கே இப்பிடித்தானா?"

"ஊருக்கே எங்கீங்க? மூலனூருக்கு அக்கட்ட ஒரு கொறங்காட்டுக்காரர், பழைய மனுசன். மாடு மேய்ஞ்சு, முள்ளு மண்டி, தோட்டமா அது? காயி பாருங்க, கட்டி மாளலே. கல்லுக்காலு போட்ட தோட்டம் பூராவும் உங்களாட்டவேதான். பளபளன்னு இருக்குது, காயில்லே. எனக்கென்னுங்க தெரியும், நான் காயத் தூக்கறவன். ஆனா வண்டி ஓட்டறப்பப் பாத்துட்டே போறன். முள்ளு வேலி இருந்தா எறங்குவேன், கம்பி வேலின்னா ஆரன் அடிச்சுட்டுப் போயிருவேன்."

"எங்குளுது கம்பியாச்சே, ஏன் எறங்குனீங்க?"

"உங்க ஊட்டுக் காப்பிக்குங்க."

அவர் குடித்துவிட்டுப் போய்விட்டார். ஆரன் அடித்துக்கொண்டு போகும் வேன் மட்டும் தெய்வாத்தாளின் காதுக்குள்ளேயே நின்றது.

மறுநாள் வெளுக்கும்போது கம்பி ஓரமாகப் போய் நின்றாள். அக்கரையில் சின்னாத்தாள் ஆட்டுப்பட்டியில் வெள்ளாட்டைப் பீச்சிக்கொண்டிருந்தாள். ஆம்பளைகள் பேசாவிட்டாலும் இந்த இரண்டு பேரும் கம்பி வழியாகத் தயிரும் கறிவேப்பிலையும் கைமாற்றிக்கொண்டுதான் இருந்தார்கள்.

"ஏன் அக்கா, உங்க மரத்துக்கு என்ன வெக்கறீங்க?"

"என்னத்த வெக்கறது? ஆட்டு மூத்தரம்தான். உங்க மாமன் அந்தப் பக்கமே வாரதில்லே. இந்தக் கெரகம் புடிச்ச வண்டு வேற, பனங்கையப் பூராத் தொளைக்குது. தீய வெச்சு உடலாம்னு பாக்கறன். பட்டி எரிஞ்சுபோயிருமேன்னு உட்டு வெச்சிருக்கறன்."

அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஓர் ஓட்டையிலிருந்து கருவண்டு வெளியே வந்தது. கட்டைவிரல் நுனியளவு இருக்கும். கன்னங்கரேலென்ற உடம்பு. சிறகில் வெயில் பட்டதும் நீலமும் கத்தரிப்பூ நிறமும் கலந்து ஓடியது. இத்தனை வருஷம் விளக்குமாற்றால் அடித்தே பழகிய தெய்வாத்தாள் இப்போதுதான் அதைக் கண்ணால் பார்த்தாள். அது நேரே போய்க் கிணற்றுமேட்டு ஆவாரைச் செடியில் ஒரு பூவைக் கட்டிப் பிடித்தது. சிறகு அசையவில்லை. ஆனால் பறக்கும்போது கேட்ட ரீங்காரம் சட்டென்று மேலேறி, மெல்லிய கம்பியை இழுத்து மீட்டினாற்போல் வேறு சத்தமாக மாறியது. பூ நடுங்கியது. பூவுக்குள்ளிருந்து மஞ்சள் தூள் பொலபொலவென்று வண்டின் வயிற்றில் கொட்டியது.

தெய்வாத்தாள் கம்பியோரம் குனிந்து காதைக் கொடுத்தாள். பூவைத் திறக்க ஒரு பாட்டு. அந்தச் சுருதி பிசகினால் பூ கொடுக்காது போல. ஆவாரைக்கு ஒரு சத்தம், எருக்குக்கு அது இல்லை. எருக்கில் வெறுமனே தொங்கிக் குடித்துவிட்டு, உடம்பெல்லாம் தூளோடு நேராக முருங்கைக்கு ஏறியது. ஒரு பூவில் ஒரு நொடி. அடுத்த பூ. அடுத்த கொத்து. அடுத்த மரம். அது உட்கார்ந்து எழுந்த ஒவ்வொரு காம்பும் தாழ்ந்து நிமிர்ந்தது. சின்னாத்தாள் இரண்டாவது ஆட்டைப் பீச்சி முடிக்குமுன் அந்த ஒற்றை வண்டு நான்கு மரத்தையும் சுற்றிவிட்டது.

"என்ன தெய்வா, பேயறைஞ்சவளாட்ட நிக்கற?"

"அக்கா, தீ கீ வெச்சுப்போடாதீங்க."

திரும்பி நடந்தபோதுதான் தன் பக்கத்தைப் பார்த்தாள். கம்பியை ஒட்டிய வரிசையில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பிஞ்சு இருந்தது. அடுத்த வரிசையில் அதைவிடக் குறைவு. நடுத்தோட்டத்துக்கு வரவரச் சுத்தமாக இல்லை. இரண்டு வருஷமாக இந்த வரிசைகளுக்குள்ளே நடந்தவள் அவள். பட்டியில் இருந்த இரண்டு மூன்று வண்டுகளின் வேலை எட்டிய தூரம் எது, எட்டாத தூரம் எது என்று தோட்டமே கோடு போட்டுக் காட்டியிருந்தது.

அமாவாசைக்கு இன்னும் நாள் இருந்தது. வீட்டுப் பின்புறம் பொடக்காலியில் பூசணி வைக்கும்போது ஆண்பூவைக் கிள்ளிப் பெண்பூவில் தடவிவிடுவது அவளுக்குப் பழக்கம்தான். காளியாத்தாளிடம் இரண்டு கோழி இறகைக் கொடுத்தாள். நடுத்தோட்டத்தில், ஒரு காய்கூட இல்லாத மரத்தில், கைக்கெட்டும் ஒரு கிளைக்குப் பழைய சேலைக் கரையைக் கிழித்துக் கட்டினாள்.

"அந்த மரத்துப் பூவத் தொட்டு இந்தப் பூவத் தொடு. ஒண்ணுகூட உட்டுப்போடாத."

"கல்யாணம் பண்ணி வெக்கறோமுங்களா? தாலி எங்கீங்க?"

"நாயம் பேசாத, கை ஆடாமத் தொடு."

"ஆம்பளப்பூவு எது, பொம்பளப்பூவு எதுங்க? எல்லாம் ஒண்ணாட்டவே மூஞ்சிய வெச்சிருக்குது. ஓட்டுப் போடறவிங்களாட்ட."

பொழுது கிளம்புவதற்கு முன்பே தொடங்கினார்கள். முருங்கைப்பூ விரியும் நேரம் அது. கழுத்து இறுகி, தோள் மரத்து, விரல் நுனியெல்லாம் தூள் ஒட்டியது. பூவுக்குள் இறகு சரியாக நுழைய வேண்டும். கொஞ்சம் அழுத்தினால் பூ கையோடு வந்தது. வெயில் உறைக்கும்போது ஒரு கிளையில் பாதிதான் முடிந்திருந்தது. இரண்டு பேரும் மரத்தடியில் உட்கார்ந்து கம்மஞ்சோற்றுக் கரைசலைக் குடித்தார்கள். காளியாத்தாள் தன் டம்ளரில், தெய்வாத்தாள் சொம்பில்.

"ஏனுங் கவுண்டச்சி, ரெண்டு பொம்பளைங்க, ஒரு காலை, அரைக் கெளை. இந்தத் தோட்டம் பூராவும் தொடோணும்னா எத்தனை பேருங்க வேணும்?"

தெய்வாத்தாள் அண்ணாந்து பார்த்தாள். ஒரு மரத்தின் பூவையே எண்ணி முடியாது. தோட்டத்துக்கு அப்பால் பங்காரம்மா தோட்டம், அதற்கப்பால் வலசு முழுக்க, மூலனூர் வரைக்கும் முருங்கை. அத்தனையையும் யாருமே பார்க்காமல், யாருமே கூப்பிடாமல், கூலி கேட்காமல் ஒரு கூட்டம் இத்தனை காலமாகத் தொட்டுத் தொட்டு முடித்துவைத்திருக்கிறது. அதன் ஓட்டையில் மண்ணெண்ணெய்த் துணி அடைத்தோம். அவள் சொம்பைக் கீழே வைத்தாள்.

"ஊரு சனம் பத்தாது, புள்ள," என்றாள்.

ஏழெட்டு நாள் அந்த ஒரு கிளையையும் பக்கத்துக் கிளையையும் தொட்டார்கள். குமாரசாமி பார்த்துவிட்டு, "பொம்பளைக்குப் பொழுது போகலையாமா," என்று சொல்லிப் போய்விட்டார்.

அமாவாசையன்று அங்கப்பன் வந்தான். வேட்டியை மடித்துக் கட்டி, கடப்பாரையும் எலுமிச்சம்பழமுமாகக் கம்பியோரம் போய் நின்றான். அக்கரையில் சென்னியப்பன் ஆட்டைக் கட்டுவது போல் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க பூசாரி, சித்தெ நில்லுங்க," என்று தெய்வாத்தாள் குறுக்கே வந்தாள். "தோண்டறதுக்கு முந்தி இதை ஒருக்காப் பாத்துட்டுப் போங்க. ஏனுங்க, நீங்களும் வாங்க."

குமாரசாமி முறைத்தார். ஆனால் பூசாரி முன்னால் மறுக்கவும் முடியவில்லை. சேலைக் கரை கட்டிய கிளைக்கு அவர்களைக் கூட்டிப் போனாள். அந்த மரத்தில் மற்ற கிளையெல்லாம் காம்பு மொட்டையாக நின்றது. கரை கட்டிய கிளையிலும் அதற்குப் பக்கத்துக் கிளையிலும் மட்டும் பச்சை நூல் தொங்கவிட்டாற்போல் பிஞ்சு. கொத்துக்கு இரண்டு, மூன்று.

குமாரசாமி ஒரு பிஞ்சை விரலால் தூக்கிப் பார்த்தார். விட்டார். பக்கத்துக் கிளையைப் பார்த்தார்.

"என்ன பண்ணுன?"

"கோழி றெக்கையில தொட்டு உட்டனுங்க. வண்டு பண்றத நாங்க பண்ணுனோம். அண்ணன் பொதைச்சது ஒண்ணுமில்லீங்க. நம்ம பொசுக்குனதுதான்."

அங்கப்பன் கிளையைச் சுற்றி வந்தான். எலுமிச்சம்பழத்தை மடியில் போட்டுக்கொண்டான்.

"கவுண்டருங்க, கோழி றெக்கைக்குக் கட்டுப்படற செய்வினைய நான் கேள்விப்பட்டதே இல்லீங்க. இது என்ற கணக்குல வராது. வாரனுங்க."

அவன் போனபிறகும் குமாரசாமி அந்த இடத்திலேயே நின்றார். அக்கரையில் சென்னியப்பன் ஆட்டை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

மரத்தை வெட்டுகிற பேச்சு அந்தச் சித்திரையில் தள்ளிப்போனது. நின்றுபோகவில்லை. "இன்னும் ரெண்டு பூ பாப்பேன்," என்றார் குமாரசாமி. ஆனால் கம்பியைப் பற்றிப் பேச்செடுத்தாலே எழுந்து போனார். "பிடுங்குன வேலிய மறுக்கா நடறதா? ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டுமுங்க. பூவு உதுந்தப்பவும் சிரிச்சுட்டுத்தான இருந்துது."

ஊர் சிரித்தது பால் சொசைட்டியில். காலையில் பால் ஊற்றிவிட்டுப் பெண்கள் கேனைக் கழுவும் இடம் அது. கோழி இறகுக் கதையைக் கேட்டு முதலில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருத்தியாக வந்து அந்தக் கிளையைப் பார்த்துவிட்டுப் போனார்கள். பங்காரம்மாதான் முதலில் சிரிப்பை நிறுத்தினாள்.

"எங்க தோட்டத்துலயும் கம்பி போட்டதுல இருந்துதானே அம்மணி காயி கொறஞ்சுது. நான் எங்க ஊட்டுக்காரர வைஞ்சுட்டு இருந்தேன், மருந்து அடிக்கத் தெரியலைன்னு."

"வைஞ்சுட்டே இருங்க, அது வேற கணக்கு," என்றாள் காளியாத்தாள், கொஞ்சம் தள்ளி நின்று. எல்லாரும் சிரித்தார்கள்.

அங்கேயே பேசி முடிவானது. ஆவாரையையும் எருக்கையும் வரப்பில் இனி யாரும் வெட்டுவதில்லை. பட்ட மரத்தை, பழைய பனங்கையை, தோட்டத்துக்கு ஒன்றாவது எரிக்காமல் போட்டு வைப்பது. பூவெடுத்த மரத்துக்குக் காலையில் மருந்து அடிப்பதில்லை. புரட்டாசி மழைக்குக் கம்பியை ஒட்டிக் கிளுவைப் போத்து நடுவது. ஆனால் வலசில் பழைய கிளுவை மிச்சமிருந்தது ஒரே ஒருவரிடம்தான். சென்னியப்பனின் மேற்கு எல்லையில்.

சின்னாத்தாள் கையை விரித்தாள். "போத்து கேட்டேன் தெய்வா. 'பிடுங்குனவன் வந்து கேக்கட்டும்'கறாரு."

குமாரசாமி போக மாட்டார். அது மழை வராது என்பதைவிட நிச்சயமாகத் தெரிந்த செய்தி. ஆவணிக் கடைசியில், காற்று தணிந்த ஒரு காலையில், தெய்வாத்தாளே காளியாத்தாளோடு சாலையைச் சுற்றி மேற்கு எல்லைக்குப் போனாள். சென்னியப்பன் வேலியில் கவாத்துப் பண்ணிக்கொண்டிருந்தார். திரும்பாமலே பேசினார்.

"வா அம்மணி. ஊட்டுல தண்ணி குடிச்சியா?"

"குடிச்சனுங்க மாமா."

"வேலி போறப்ப ஆரும் என்னையக் கேக்கலே. நான் தோள்ல காவடியோட நடந்துட்டிருந்தேன். வந்து பாத்தாக் கல்லு. இப்ப வேலி வாரதுக்கு மட்டும் கேக்கறீங்க."

"தப்புத்தானுங்க மாமா."

"நீ சொல்லி என்ன ஆகுது? அவன் சொல்லோணும்."

"அவுரு சொல்ல மாட்டாருங்க. உங்குளுக்கே தெரியும்." அவள் முந்தானையை இடுப்பில் செருகினாள். "உங்க பக்கத்து மூணடிய நாங்க கேக்கலீங்க. ஆறடியும் எங்க மண்ணுலயே உட்டு நட்டுக்கறோம். போத்து மட்டும் குடுங்க."

சென்னியப்பனின் கொடுவாள் நின்றது.

"ஆறடியுமா?"

"ஆறடியுமுங்க."

"அவனுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

அவர் முதல் முறையாகத் திரும்பிப் பார்த்தார். முகத்தில் சிரிப்பு வந்தமாதிரியும் இருந்தது, வராதமாதிரியும் இருந்தது. "தெரிஞ்சா உன்னையும் பிடுங்கிப் போடுவானே," என்றார். பிறகு வேலிப்பக்கம் திரும்பி, கைத்தடி கனத்தில் ஒரு கிளையைப் பார்த்துச் சாய்வாக வெட்டிப் பின்னால் போட்டார். இன்னொன்று. இன்னொன்று. மத்தியானம் வரை வெட்டினார். காளியாத்தாளும் அவள் புருஷன் மயில்சாமியும் கட்டிச் சுமந்தார்கள்.

நடவு அன்று வலசுப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். ஒரு தோட்டத்தில் எல்லாரும் நட்டு முடித்தபின் அடுத்த தோட்டம் என்று பேச்சு. முதல் மழையில் மண் மேலே நனைந்திருந்தது. ஒரு சாண் கீழே ஓடைக்கல். கடப்பாரை பட்டு நெருப்புப் பறந்தது. மூன்று குழி தோண்டுவதற்குள் பங்காரம்மாவின் உள்ளங்கை கொப்பளித்தது. குமாரசாமி கயிற்றுக்கட்டிலில் படுத்தபடி அத்தனையையும் கேட்டுக்கொண்டிருந்தார். வரிசை பிடிக்கக் கயிறு கட்டிய இடத்தைப் பார்த்து, கம்பியிலிருந்து எத்தனை அடி உள்ளே வந்திருக்கிறது என்பதும் அவருக்குத் தெரிந்துவிட்டது.

எழுந்து வந்தார். பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். தெய்வாத்தாள் நிமிரவில்லை.

"ஆறடியா?" என்றார்.

"ஆமாங்க."

அவர் கம்பியைப் பார்த்தார். அக்கரையைப் பார்த்தார். பங்காரம்மாவின் கையிலிருந்து கடப்பாரையை வாங்கினார். "குழிக்கு இத்தனை ஆழம் போதுமாமா? காத்துல புடுங்கிட்டுப் போகும்," என்று மட்டும் சொல்லிவிட்டுத் தோண்டத் தொடங்கினார். சாயங்காலம் வரை நிற்கவில்லை.

மறுநாள் பெண்கள் வந்தபோது கம்பிக்கு அக்கரையில், சென்னியப்பனின் மண்ணில், புதிதாக ஒரு வரிசைப் போத்து நட்டிருந்தது. கம்பியிலிருந்து சரியாக மூன்றடி. தெய்வாத்தாள் தங்கள் பக்கத்துக் கயிற்றை அவிழ்த்து மூன்றடிக்கு மாற்றிக் கட்டினாள். தோண்டிய குழிகளை மூடிப் புதிதாகத் தோண்ட வேண்டியிருந்தது. குமாரசாமியே தோண்டினார்.

கிளுவை துளிர்த்தது. ஆவாரை அடுத்த வருஷமே பூத்தது. சின்னாத்தாள் தந்த ஒரு பனங்கையை நடுத்தோட்டத்தில் இரண்டு கல்லின் மேல் வைத்தார்கள். அதில் முதல் புது ஓட்டை எப்போது விழுந்தது என்று யாருக்கும் தெரியாது. அடியில் மஞ்சள் மரத்தூள் குவிந்திருந்ததைக் காளியாத்தாள்தான் கூட்டாமல் விட்டுவிட்டு வந்து சொன்னாள். தொண்ணூற்றேழு மாசியில் காய் அங்கங்கே பிடித்தது. 

தொண்ணூற்றெட்டு மாசியில் ஒரு விடியல். தெய்வாத்தாள் பால் கறந்துவிட்டு வெளியே வந்தபோது தோட்டத்துப் பக்கம் ஒரு சத்தம் கேட்டது. தூரத்தில் எங்கோ மோட்டார் ஓடுவது போல. கரண்ட் அப்போது இல்லை. கேனை இறக்கி வைத்துவிட்டு நடந்தாள். முதல் வரிசைக்குள் நுழைந்ததும் சத்தம் தலைக்கு மேலே வந்துவிட்டது. பூக்கொத்துகள் காற்றில்லாமல் ஆடின. கருவண்டுகள் மட்டுமில்லை. பேர் தெரியாத சின்ன ஈக்கள், வயிற்றில் நீலப்பட்டை போட்ட ஒன்று, கொசுவளவு தேன்பூச்சி, வெள்ளை மஞ்சள் பட்டாம்பூச்சி. வேலியின் ஆவாரையில் அந்த உயர்ந்த சுருதி எழுந்து எழுந்து அடங்கியது. வெளிச்சம் கூடக்கூட மேல்கிளைகள் ஒவ்வொன்றாக அதிரத் தொடங்கின. அவள் ஒரு மரத்தில் கையை வைத்தாள். அடிமரத்துக்குள்ளும் அந்த அதிர்வு இருப்பதாகத்தான் தோன்றியது. 

பின்னால் குமாரசாமி வந்து நின்றிருந்தார். தோளில் துண்டு இருந்தது. அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். கோவிலுக்குள் நுழையும்போது செய்வது போல.

"இத்தனையும் எங்கிருந்து வந்துது?" என்றார், சத்தம் எழுப்பாமல்.

"தெரியலீங்க."

வெயில் ஏறும் வரை இரண்டு பேரும் அங்கேயே நின்றார்கள். அன்று சொசைட்டிக்குப் பால் போகவில்லை.

அந்தப் பங்குனியில் கோவிந்தராஜுலுவின் வேன் ஆரன் அடிக்காமல் நின்றது. வலசில் ஏழு தோட்டங்களில் கம்பியோரம் கிளுவை நின்றது. மூன்று தோட்டக்காரர்கள் நடவில்லை. அதில் ஒருவர் மரத்தை வெட்டித் தறி செட்டுப் போட்டார். குமாரசாமி வீட்டில் வேலி இடுப்பளவு வந்ததும் காளியாத்தாளின் டம்ளர் கல்காலிலிருந்து கிளுவைக் கவட்டைக்குப் போனது. வேறு இடம் யாரும் சொல்லவில்லை.

1999 தையில் அந்த வேலிக்கு முதல் கவாத்து நடந்தது. குமாரசாமி தன் பக்கம் நின்று வெட்டினார், சென்னியப்பன் தன் பக்கம் நின்று வெட்டினார். இருவரும் பேசிக்கொள்ளவில்லை. கம்பியை யாரும் எடுக்கவில்லை. அது வேலிக்குள்ளே இருக்கிறது. முருங்கை மரங்கள் வெட்டப்படவில்லை.